மழையின் மேல் பழி

"ஆராய்ச்சியில் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று யாராவது பேச்சை ஆரம்பித்தால் எனக்கு இப்போதெல்லாம் அடிவயிறு கலங்குகிறது. ஆராய்ச்சியிடம் எனக்கு விரோதம் ஒன்றும் இல்லை. கதை எழுதுகிறவனுக்கு அதனால் எவ்வளவோ உபகாரம் உண்டு. ஆனால் என் சிறு வயதில், "பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொன்னால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொண்டுவிட வேண்டும். எந்தப் பெரியவர், எப்போது, எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேட்டால் அதிகப்பிரசங்கி என்று பட்டம் கிடைக்கும். அந்தப் பெரியவர்கள் எழுந்து போன நாற்காலியில் இப்போது ஆராய்ச்சியை உட்கார்த்தி வைத்திருக்கிறோம். கேள்வி கேட்டால் கிடைக்கிற பட்டம் மட்டும் மாறவில்லை.

பைக்காராவில் ஒரு பாட்டியைச் சந்தித்த பிறகு, பட்டம் கிடைத்தால் கிடைக்கட்டும் என்று துணிந்து இதை எழுதுகிறேன்.

உதகையிலிருந்து கூடலூர் போகிற சாலையில் சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிறது பைக்காரா. வெளியூர்க்காரர்களுக்கு அது ஓர் அருவி, ஒரு படகுத்துறை, ஒரு மணி நேரம். 1932-ல் இங்கிருந்து புறப்பட்ட மின்சாரத்தில்தான் கோயமுத்தூர் ஆலைகள் பெருகின என்பது இன்று யாருக்கும் ஞாபகமில்லை. மின்வாரியத்தில் உள்ள என் சிநேகிதர் ஒருவர் தம் குவார்ட்டர்ஸில் ஓர் அறையை எனக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார். ஒரு நாவலை முடித்துவிட வேண்டும் என்று போனேன். ஆடி மாதம். மழை என்றால் அப்படி ஒரு மழை. நாவல் முடியவில்லை.

சிநேகிதர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளுக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்களில் ஒன்று அவளுடையது. அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. மகளும் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். பேரனுக்கு எட்டு வயது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தால் நாள் முழுவதும் ஆட்டிக்கொண்டிருப்பான். ஆட்டிசம் என்று சர்ட்டிபிகேட் இருக்கிறது. 2016-ல் வந்த மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் எண்ணிச் சொல்லும் 21 குறைபாடுகளில் அதுவும் ஒன்று. ஆகவே பையன் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கே போகிறான். வாரத்தில் இரண்டு நாள் சிறப்பாசிரியை ஒருவர் வட்டார வள மையத்திலிருந்து பஸ் ஏறி வந்து அவனுக்கும் சுற்றுப்புறத்தில் இன்னும் சில பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்கிறார்.

இதெல்லாம் நல்ல செய்திதான். கெட்ட செய்தி அதற்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

பையனுக்கு ஐந்து வயதாயிருக்கும்போது எங்கோ ஒரு முகாம் நடந்திருக்கிறது. பெற்றோர்களை வரச் சொல்லி ஒரு நிபுணர் பேசியிருக்கிறார். வீட்டில் அதிகமாகப் பேச்சைக் கேட்கிற குழந்தைகள் சீக்கிரம் பேசுகின்றன, குறைவாகக் கேட்கிற குழந்தைகள் தாமதமாகப் பேசுகின்றன என்று ஆராய்ச்சியில் கண்டிருக்கிறார்களாம். அது வரைக்கும் சரி. பிறகு இவள் மகளைப் பார்த்து, "நீ காலை ஏழு மணிக்கு வேலைக்குப் போய்விடுகிறாய். பிள்ளையோடு பேச யார் இருக்கிறார்கள்? பிள்ளை எப்படிப் பேசுவான்?" என்று கேட்டுவிட்டார். ஆயிரம் பேர் நடுவில் இல்லை, ஒரு நாற்பது பேர் நடுவில். ஒரு தாய்க்கு நாற்பது பேர் போதாதா?

அவள் மறு வாரமே வேலையை விட்டுவிட்டாள். பதினொரு மாதம் வீட்டில் உட்கார்ந்து பிள்ளையோடு பேசினாள். தோடு அடகுக்குப் போயிற்று. மகளிர் குழுவில் கடன் ஏறியது. பிள்ளை பேசவில்லை. திரும்ப வேலைக்குப் போனபோது, நிரந்தரத் தொழிலாளியாக இருந்தவளைத் தினக்கூலியாக எடுத்துக்கொண்டார்கள்.

இதைச் சொல்லிவிட்டுப் பாட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடியே, மிகவும் சாதாரணமாக ஒன்று சொன்னாள்:

"பேசினா திரும்பிப் பேசுற பிள்ளைக்கிட்டத்தான் ஐயா பேச்சு வளரும். இவன்கிட்ட நாங்க பேசாமலா இருந்தோம்? பொறந்ததிலேருந்து பேசினோம். பதில் இல்ல, சிரிப்பு இல்ல. செவுத்துக்கிட்ட எத்தனை நேரம் பேசுறது? கொஞ்சம் கொஞ்சமா எங்க பேச்சுதான் கொறைஞ்சு போச்சு."

நான் கையில் வைத்திருந்த பேனாவைக் கீழே வைத்தேன். அந்த நிபுணர் பல வருஷம் படித்தும் கேட்டுக்கொள்ளாத கேள்வியை இந்த அம்மாள் கேட்டுவிட்டாள். தாய் பேசாததால் பிள்ளை பேசவில்லையா, பிள்ளை பேசாததால் தாயின் பேச்சு குறைந்ததா? இரண்டில் எது நடந்திருந்தாலும், வெளியிலிருந்து கணக்கெடுப்பவன் நோட்டில் ஒரே கணக்குத்தான் விழும்: பேச்சுக் குறைந்த வீடு, பேசாத பிள்ளை.

விஷயத்தின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. ஆராய்ச்சியில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, நாமே கையை நீட்டி ஒன்றைச் செய்து பார்ப்பது. ஐம்பது பிள்ளைகளைத் திருவுளச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரிக்கிறோம், ஒரு பாதிக்குப் புது முறையில் சொல்லிக் கொடுக்கிறோம், மற்றப் பாதிக்குப் பழைய முறையில், பிறகு பார்க்கிறோம். சீட்டுக் குலுக்கி எடுத்ததால் கெட்டிக்காரன், மந்தன், பணக்காரன், ஏழை எல்லாம் இரு பக்கமும் கலந்துதான் இருப்பார்கள். வித்தியாசம் வந்தால் அது முறையால் வந்தது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இது பரிசோதனை. இன்னொன்று, எதையும் தொடாமல், இருப்பதை இருக்கிறபடி பார்த்துக் கணக்கெடுப்பது. யார் வீட்டில் எவ்வளவு பேச்சு, எந்தப் பிள்ளை எப்படிப் படிக்கிறது, எது எதோடு சேர்ந்து வருகிறது என்று எழுதிக்கொள்வது. சிறப்புக் கல்வியைப் பற்றி நம் காதில் விழுகிற ஆராய்ச்சியில் பெரும் பகுதி இந்த இரண்டாவது ரகம். அதில் தப்பில்லை. "இதுவும் அதுவும் சேர்ந்து வருகின்றன" என்று அது அடக்கமாகச் சொல்வதை, "இதனால்தான் அது, ஆகவே நீ இப்படிச் செய்" என்று நாம் மொழிபெயர்க்கிறோம் பாருங்கள், அந்த மொழிபெயர்ப்பில்தான் மோசம் நடக்கிறது.

பைக்காராப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பழைய கதை உண்டு. 1901 - 02-ல் கேம்பிரிட்ஜிலிருந்து ரிவர்ஸ் என்று ஒருவர் வந்து இந்த மலையில் தோடர்களிடையே தங்கினார். வைத்தியர், மனோதத்துவமும் படித்தவர். அவர்களுடைய கண் பார்வை, நிறம் அறிகிற சக்தி எல்லாவற்றையும் சோதித்தார். வம்சாவளிகளைக் குறித்துக்கொண்டார். அவர்களுடைய புனிதமான எருமைப் பால்மனைகளைப் பற்றியும் சடங்குகளைப் பற்றியும் கேட்டுக் கேட்டு எழுதினார். 'தோடர்கள்' என்ற அந்தப் பெரிய புத்தகம் 1906-ல் வந்தது. அதில் அவரே நேர்மையாக ஒன்றைச் சொல்லியிருக்கிறார். தமக்கு ரகசியங்களைச் சொல்லி உதவியவர்களுக்கு வரிசையாகக் கஷ்டங்கள் வந்தனவாம். ஒருவர் நோயில் விழுந்தார். இன்னொருவர் மனைவி இறந்தாள். அந்நியனிடம் சொல்லக் கூடாததைச் சொன்னதால் தெய்வங்களுக்குக் கோபம் என்று தோடர்களின் குறி சொல்பவர்கள் காரணம் கண்டார்கள். அதன் பிறகு ரிவர்ஸுக்குச் செய்தி சொல்ல ஆள் கிடைப்பது கஷ்டமாகிவிட்டது.

படித்தவர்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பார்கள். முன்னால் ஒன்று நடந்தது, பின்னால் ஒன்று நடந்தது, ஆகவே முன்னது பின்னதற்குக் காரணம் என்று நினைப்பது எவ்வளவு பேதைமை என்பார்கள். சிரிக்கட்டும். ஆனால் தோடர்கள் குற்றத்தைச் சொன்னதைப் பற்றியும் கேட்டதைப் பற்றியும் போட்டார்களே தவிர, நோயாளியின் தாய் மேல் போடவில்லை. அதற்கு இன்னும் படித்தவர்கள் தேவைப்பட்டார்கள்.

1943-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லியோ கானர் என்ற குழந்தை மனநல வைத்தியர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். எட்டுப் பையன்கள், மூன்று பெண்கள். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதற்கு அதுதான் ஆதாரக் கட்டுரை. ஒவ்வொரு குழந்தையையும் நாவலாசிரியன் பொறாமைப்படும்படி பார்த்து எழுதியிருக்கிறார். இந்தத் தன்மை பிறவியிலேயே வருவது என்றுதான் அவருக்கும் பட்டது. ஆனால் கூடவே இன்னொன்றையும் கவனித்தார்: பெற்றோர்கள் எல்லோரும் மெத்தப் படித்தவர்கள், அவர்களில் மனத்தில் வெதுவெதுப்பு உள்ளவர்கள் குறைவு. சில வருஷங்களில், இந்தக் குழந்தைகள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து வளர்க்கப்பட்டவை போல என்று அவரே ஓர் உவமையையும் சொன்னார். உவமை பொல்லாதது. நான் அந்தத் தொழிலில் இருப்பவன் என்பதால் சொல்கிறேன். "குளிர்சாதனப் பெட்டித் தாய்" என்று ஒரு பெயர் பிறந்துவிட்டது. 1967-ல் சிகாகோவில் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் இதை ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிப் பிரசித்தி பெற்றார். தாயின் வெறுப்பினால் பிள்ளை உள்ளே ஒடுங்கிவிடுகிறதாம். ஆகவே தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்து வைப்பதே வைத்தியமாம். நாஜிகளின் முகாமில் அடைபட்டிருந்த மனிதர் அவர். அந்த முகாமையும் ஒரு தாயின் வீட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசினார்.

எதை வைத்து? பார்த்ததை வைத்து. பால்டிமோரில் அந்தக் காலத்தில் ஒரு பெரிய நிபுணரின் வாசற்படி வரை பிள்ளையைக் கொண்டு வரக்கூடியவர்கள் யார்? படித்தவர்கள், வசதி உள்ளவர்கள். படிக்காத வீட்டுப் பிள்ளை வீட்டு மூலையிலோ அனாதை விடுதியிலோ கிடந்தது. அது கணக்கில் வரவில்லை. பைக்காராப் படகுத்துறையில் நின்று எண்ணினால், நீலகிரி ஜனங்கள் எல்லோரும் காதை மூடிக் குல்லாய் போட்டு, வேகவைத்த சோளம் தின்று, நிமிஷத்துக்கு ஒரு தரம் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் என்றுதான் முடிவு கட்ட வேண்டியிருக்கும். சரி, தாய்மார்கள் இறுகிய முகத்தோடு இருந்தார்களே என்கிறீர்களா? பாட்டி சொன்னதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நாலு வருஷம் பதில் வராத பிள்ளையோடு பேசிவிட்டு, நாலு வைத்தியரிடம் ஏச்சும் வாங்கிக்கொண்டு வருகிறவள் முகத்தில் என்ன பூவா பூத்திருக்கும்?

பெர்னார்டு ரிம்லாண்டு என்ற மனோதத்துவ அறிஞர், அத்தகைய ஒரு பிள்ளைக்குத் தகப்பனும்கூட, 1964-ல் எழுதிய புத்தகத்தில் இதை எதிர்த்தார். 1969-ல் கானரே பெற்றோர் கூட்டம் ஒன்றில் அவர்கள் மேல் குற்றமில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார். 1977-ல் லண்டனில் ஃபோல்ஸ்டைன், ரட்டர் என்ற இருவர் 21 ஜோடி இரட்டையர்களைப் பற்றி எழுதினார்கள். ஒரே கருவில் பிரிந்த 11 ஜோடிகளில் நான்கில் இரு பிள்ளைகளுக்கும் ஆட்டிசம். வேறு வேறு கருவாக உண்டான 10 ஜோடிகளில் ஒன்றில்கூட இருவருக்கும் இல்லை. இருவகை இரட்டையரையும் வளர்த்தவள் ஒரு தாய்தானே? அவள் மனத்தின் குளிர்தான் காரணம் என்றால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

இதில் வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த இரட்டையர் ஆராய்ச்சியும் பரிசோதனை அல்ல. யாரும் இரட்டைப் பிள்ளைகளை உண்டாக்கிப் பார்க்கவில்லை. இருப்பதைப் பார்த்துக் கணக்கெடுத்ததுதான். தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியதும் பார்வை; அவளை இறக்கிவிட வழி செய்ததும் பார்வை. முதல் பார்வை வேறு காரணம் இருக்குமோ என்று தேடவில்லை. இரண்டாவது தேடிற்று.

ஆகவே, "பரிசோதனை செய்யாத ஆராய்ச்சியெல்லாம் குப்பை" என்று சொல்லும் மற்றொரு கூட்டத்தோடும் நான் சேரமாட்டேன். அவர்களும் இப்போது பெருகி வருகிறார்கள். காது கேளாத பிள்ளைகள் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1998-ல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் யோஷினாகா-இட்டானோவும் அவரது சகாக்களும் 150 பிள்ளைகளைப் பற்றிய ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். காது கேட்கவில்லை என்பது ஆறு மாதத்துக்குள் தெரிந்துவிட்ட பிள்ளைகள் 72, பிந்தித் தெரிந்த பிள்ளைகள் 78. முந்தித் தெரிந்து, உடனே பயிற்சியும் கிடைத்தவர்களுக்கு மொழி நன்றாக வந்திருந்தது. அதோடு நிற்கவில்லை அவர்கள். ஒருவேளை பணக்கார வீடாக இருந்ததால் வந்ததோ, செவிட்டுத்தன்மை லேசாக இருந்ததால் வந்ததோ, ஆண் பெண் வித்தியாசமோ என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். அப்போதும் வித்தியாசம் நின்றது.

இதைப் பரிசோதனையாகச் செய்ய முடியுமா? திருவுளச் சீட்டுப் போட்டு, "இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிகிறது, ஆனால் இரண்டு வருஷம் தாயிடம் சொல்லாமல் இருப்போம்" என்று எந்த மனிதன் சொல்வான்? சொன்னால் அவனைக் கல்லூரியில் வைத்திருப்பதா, ஜெயிலில் வைத்திருப்பதா? கையை நீட்டக் கூடாத இடத்தில் கண்ணைத்தான் நம்ப வேண்டும். சென்னையில் 1969-ல் இளம் செவிப்புலக் குறையுள்ள குழந்தைகளுக்கென்றே தொடங்கிய பால வித்யாலயா இந்தக் கொலராடோக் கணக்கு வருவதற்கு ஒரு தலைமுறை முன்னாலேயே சின்னஞ் சிறு வயதில் ஆரம்பிக்க வேண்டும் என்று ஆரம்பித்துவிட்டது. அதற்காகக் கொலராடோக் கணக்கு வேண்டாம் என்று சொல்லலாமா? சில நல்ல ஆசிரியர்கள் கண்டதை, அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டு போகிற பலம் அந்தக் கணக்குக்குத்தான் இருக்கிறது.

சொல்லிக் கொடுக்கிற முறைகளுக்கு வருவோம். இங்கேதான் என் சண்டை. நன்றாகப் படிக்கத் தெரியாத பிள்ளைகளின் கண்கள் வரியில் முன்னும் பின்னும் தாவுகின்றன என்று வெகு காலத்துக்கு முன்பே பார்த்து எழுதினார்கள். உண்மைதான். உடனே கண்ணைப் பழக்கினால் படிப்பு வரும் என்று பயிற்சிகள் கிளம்பின. நன்றாகப் படிக்கத் தெரிந்த உங்கள் மாமனாரிடம் ஒரு பழைய பத்திரத்தைக் கொடுத்து வாசிக்கச் சொல்லிப் பாருங்கள். "மேற்படி சொத்தில் கண்ட நாளது தேதிக்கு" என்று வருகிற இடத்தில் அவர் கண்ணும் குரங்காகத் தாவும். புரியாததால் கண் திரும்பிப் போகிறது. கண் திரும்பிப் போவதால் புரியாமல் போகவில்லை.

இன்னொன்று, இதைவிடக் கொடுமை. பிலடெல்பியாவில் டோமன், டெலகாட்டோ என்ற இருவர் ஒரு முறையைப் பரப்பினார்கள். ஒழுங்காகத் தவழாத பிள்ளைகளுக்கு மூளை ஒழுங்காக அமையவில்லை. ஆகவே தவழ வைத்தால் மூளை அமையும் என்பது சித்தாந்தம். 1960-ல் ஒரு பெரிய வைத்தியப் பத்திரிகையில் 76 பிள்ளைகளைப் பற்றி வெளியிட்டார்கள். பிள்ளைகள் முன்னேறினார்கள் என்றார்கள். அந்த முறை இல்லாமலே வளர்ந்த அதே போன்ற பிள்ளைகள் எவ்வளவு முன்னேறியிருப்பார்கள்? ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒரு கூட்டத்தையே அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை. பிள்ளை என்றால் வருஷம் போனால் கொஞ்சமாவது வளரத்தானே செய்யும்? ஆனால் முறை உலகம் சுற்றியது. பெரியவர்கள் மூன்று பேர், நாலு பேர் சேர்ந்து, ஒருவர் தலையை, மற்றவர்கள் கை கால்களைப் பிடித்துத் தவழ்கிற மாதிரி அசைக்க வேண்டும். தினம் பல தடவை, வாரம் ஏழு நாளும், வருஷக் கணக்காக. அக்கம் பக்கத்தாரைக் கூப்பிட்டு, மற்றப் பிள்ளைகளை மறந்து, வேலையை விட்டு எத்தனை வீடுகள் இதைச் செய்திருக்கும்! பலன் இல்லாவிட்டால் "நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்பது பதில். அமெரிக்கக் குழந்தை வைத்தியர்கள் சங்கம் 1968-லும் 1982-லும் எச்சரித்தது. எச்சரிக்கை நடந்து வருகிறது. விளம்பரம் பறந்து வருகிறது.

நம் ஊரில் இப்போது இதே சரக்கு புதுப் புட்டிகளில் விற்கிறது. பெயர் சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்பதற்காக அல்ல, பெயர்கள் மாதம் ஒன்றாக மாறுவதால் சொல்லாமல் விடுகிறேன். விற்பவர்களை மட்டும் குறை சொல்லி என்ன? ஞாயிற்றுக்கிழமை இணைப்பில் "ஆய்வு சொல்கிறது" என்று நாலு வரி வாசித்துவிட்டு, திங்கட்கிழமை பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "நீ டெலிவிஷனைப் போட்டு விட்டதால்தான் உன் பிள்ளை இப்படி" என்று சொல்கிறவர்கள் நாம்தான். நீங்களும் நானும். நம் பிள்ளை அதே டெலிவிஷனைப் பார்த்துவிட்டு என்ஜினீயராகியிருப்பான்.

அந்தச் சிறப்பாசிரியையைப் பார்க்க வேண்டும் என்று நானே பாட்டியிடம் கேட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை, குடையும் பிளாஸ்டிக் உறை போட்ட பையுமாக வந்தார். முப்பது வயதுதான் இருக்கும். தம்மிடம் ஆராய்ச்சி எதுவும் இல்லை என்று கூச்சப்பட்டார். இருந்தது. நாற்பது பக்க நோட்டு ஒன்று.

பையன் பள்ளிக்கூடத்தில் திடீரென்று காதைப் பொத்திக்கொண்டு கத்துவான், சுவரில் தலையை மோதுவான். மழை பெய்தால் கத்துகிறான் என்று எல்லோருமே சொன்னார்கள். தகரக் கூரை, மழைச் சத்தம் ஆகவில்லை என்றார் தலைமை ஆசிரியர். மழை நாட்களில் அவனை வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்று யோசனை. பைக்காராவில் மழை நாட்களில் வீட்டிலிரு என்றால் படிப்பை விட்டுவிடு என்று அர்த்தம்.

ஆசிரியை ஒரு மாதம் அவகாசம் கேட்டார். தாம் வராத நாட்களில் வகுப்பு ஆசிரியையைக் குறிக்கச் சொன்னார். மழை உண்டா, எத்தனை பிள்ளைகள், எந்த நேரம், அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. நோட்டை என்னிடம் காட்டினார். மழை நாட்கள் பன்னிரண்டில் ஒன்பது நாள் கத்தியிருக்கிறான். மழை இல்லாத எட்டு நாட்களில் இரண்டு நாள்.

"அப்படியானால் மழைதானே?" என்றேன்.

"நானும் அப்படித்தான் நினைச்சேன் சார். ஆனா மழை பெஞ்சும் கத்தாத மூணு நாள் இருக்கே? மழை இல்லாம கத்தின ரெண்டு நாள் இருக்கே? அந்த அஞ்சு நாளைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்."

கத்தாத மூன்று நாட்களிலும் சாலையில் மரம் விழுந்து, பள்ளிக்கு வந்தவை நாலைந்து பிள்ளைகள். வெயில் நாளில் கத்திய இரண்டில் ஒன்று, உடல் பரிசோதனைக்காக எல்லா வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்த நாள். மற்றது, யாரோ அதிகாரி வருகிறார் என்று வெளியே விடாமல் அடைத்து வைத்த நாள். மழை பெய்தால் பிள்ளைகள் உள்ளே நெருங்கி உட்காருகிறார்கள். இரைச்சலும் இடியும் அதிகம். அவனுக்கு ஆகாதது நெரிசல். மழை பாவம், கூடவே வந்து நின்றதால் மாட்டிக்கொண்டது.

அடுத்த மழை நாளில் ஒரு கம்பளியை மடித்துப் போட்டு அவனை வராந்தாவில், கூரைத் தண்ணீர் விழுகிற இடத்துக்கு அருகிலேயே உட்கார வைத்திருக்கிறார். சத்தம் உள்ளே இருப்பதைவிட அங்கே அதிகம். பையன் கத்தவில்லை. தண்ணீர் விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தானாம்.

எனக்குள் இருந்த அரைகுறை விஞ்ஞானி விழித்துக்கொண்டான். "மறுபடி உள்ளே உட்கார வைத்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "ஒரு நாள் காத்து அடிச்சு வராந்தா பூரா நனைஞ்சு போச்சு சார். உள்ளே உட்கார வேண்டியதாப் போச்சு. கத்தினான். எனக்கு அது போதும். நானா வேணும்னு அவனைக் கத்த வைச்சுப் பார்க்க மாட்டேன்." சற்று நேரம் கழித்து, "இது இவனுக்கு சார். நடுவட்டத்துல எனக்கு இன்னொரு பொண்ணு இருக்கா. அவளுக்கு நிஜமாவே மழைச் சத்தம்தான் ஆகாது" என்றார்.

இந்த ஆசிரியைக்கு வருஷத்தில் எத்தனை பயிற்சி வகுப்பு நடக்கிறது, அங்கே எத்தனை பேர் படம் போட்டுக் காட்டி "ஆய்வுகள் நிரூபித்துள்ளன" என்று சொல்லி அனுப்புகிறார்கள் என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். உத்தியோகம் அப்படி. எனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே படம் காட்டுகிறவர்கள், ஒரு முறையைச் சிபாரிசு செய்வதற்கு முன்னால், அந்த ஆராய்ச்சியில் யாராவது எதையாவது செய்து பார்த்தார்களா அல்லது பார்த்து மட்டும் எழுதினார்களா என்பதை முதல் வரியில் சொல்ல வேண்டும். பார்த்து எழுதியது என்றால், எந்த வாசலில் நின்று பார்த்தார்கள், எது முந்தி எது பிந்தி, கூட வந்து நின்ற மூன்றாவது ஆசாமி யார் என்று தேடினார்களா என்பதையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும். முக்கியமாக, சிபாரிசு தப்பாகப் போனால் செலவு யாருடையது என்று சொல்ல வேண்டும். வராந்தாவில் கம்பளி போட்டது தப்பாயிருந்தால் ஒரு கம்பளி நனைந்திருக்கும். முகாமில் அந்தப் பெரிய மனிதர் சொன்னது தப்பாகப் போனதில் ஒரு தாயின் பதினான்கு வருஷ வேலை போயிற்று. அவருக்குப் பஸ் கட்டணம்கூடப் போகவில்லை, கார் அனுப்பியிருப்பார்கள்.

"அப்போ பிள்ளையோட பேச வேண்டாமா?" என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. பேசுங்கள். தாராளமாகப் பேசுங்கள். பேச்சு நல்லதுதான், ஆசிரியையும் அந்தத் தாயிடம் அதைத்தான் சொல்கிறார். ஆனால் ராத்திரி அரை மணி, அவன் சாவிக்கொத்தை ஆட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்ப்பதைப் பார்த்துப் பேசு என்கிறார். வேலைக்குப் போகாதே என்று சொல்லவில்லை. இரண்டு மாதமாகச் சாவி வேண்டும் என்றால் அவள் கையைப் பிடித்து இழுக்கிறான். அதையும் நோட்டில் தேதி போட்டு எழுதியிருக்கிறார். இது பேச்சினால் வந்ததா, வயதினால் வந்ததா என்று கேட்டேன். "தெரியல சார்" என்றார். கேட்கக் காதுக்கு எவ்வளவு சுகமாக இருந்தது அந்தப் பதில்!

நான் ஊருக்குக் கிளம்புகிற அன்று பாட்டி, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயா புத்தகத்துல எழுதுவீங்களாமே?"

"ஆமாம்."

"அன்னிக்கு முகாம்ல பேசின ஐயாவும் படிச்சவருதான். நீங்க எழுதுற புத்தகம் அவர் கைக்கும் போகுமா?"

"போகலாம்" என்றேன்.

"போனா ஒண்ணு மட்டும் எழுதுங்க. அவர் மேல எங்களுக்குக் கோவம் இல்ல. எம் மகளுக்குச் செக்ரோல்ல பழைய நம்பரே திரும்பக் கிடைக்கிற மாதிரி தோட்டத்துல ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அவர் சொன்னா கேப்பாங்க."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.